தறி ஓய்ந்த பின்

ஆட்டையாம்பட்டியில் பொழுதெல்லாம் விசைத்தறி ஓசை. தறிகள் ஓய்ந்த பின்னரே நம் வீட்டுச் சிற்றறையில் ஒலிப்பதிவு தொடங்கும். பாடல் புனைவதும், மெட்டமைப்பதும், பாடுவதும், பதிவு செய்வதும் நாமே. எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் தடித்த ஜமுக்காளங்கள், ஓர் ஒலிவாங்கி, ஒரு கணினி. வேறு வசதி இல்லை.

முன்னாளில் இது இயலாத காரியம். சேலத்தில் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தோன்றிய காலத்தில், பாடகரும் வாத்தியக்காரரும் ஒருசேரக் கூடினாலன்றிப் பாட்டு பதிவாகாது. அமெரிக்க இசைஞர் லெஸ் பால், தாம் ஒருவரே வாசித்த எட்டுக் கிதார் இசைகளை, தம் வீட்டுக் கார் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து 1948-இல் வெளியிட்டார். ஏ.ஆர். ரகுமான் 1989-இல் தம் சென்னை இல்லத்தில் அமைத்த கூடத்திலேயே ‘ரோஜா’ (1992) பாடல்கள் உருவாயின.

நம் தந்தையார் கைத்தறியில் அமர்ந்து தாமே புனைந்து பாடிய பாடல்களோ அவரோடு மறைந்தன. பதிந்து வைப்பாரில்லை. ஆகவே இப்பணியை நாம் பொழுதுபோக்காகக் கருதுவதில்லை.

தனித்துப் பாடுவதில் குறையும் உண்டு: நன்று, தீது எனச் சொல்வார் அருகில் இல்லை. ஆதலால் ஒவ்வொரு பாடலையும் முதலில் கேட்பவர், முறுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் நம் அன்னையாரே. பாடலின் இடையே எழும் மூச்சொலியையும் நீக்கவல்லது கணினி. அவரோ, “மூச்ச எடுத்துப்போடாத கண்ணு, அதுலதான ஆளு இருக்குது” என்பார்.

வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பெரியவர் பாடினால், கைப்பேசியிலேனும் பதிந்து வையுங்கள். நாளை என்று தள்ள வேண்டா.