களவா மீனின் காலண்டர்

மே மாதம் திருச்சி மீன் மார்க்கெட் பக்கம் போனால் ஒரு புலம்பல் கட்டாயம் காதில் விழும். "என்னங்க, இந்த விலை சொல்றீங்க?" கடைக்காரரிடம் ரெடியாக ஒரே பதில்தான்: "தடைக்காலம்மா!"

அது என்ன தடைக்காலம்? தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. மீன்கள் முட்டையிட விடும் அவகாசம்.

காவிரி மீனுக்குக் கணக்கு சுலபம். ஸ்ரீரங்கம் படித்துறையைப் புதுவெள்ளம் தொட்டால், கெண்டை வகைகளுக்கு முட்டையிடும் நேரம். கடலில் புதுவெள்ளம் ஏது? அங்கே பவளப்பாறை மீன்கள் பலவற்றுக்கு நிலாதான் காலண்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுவாக இருக்கும். அப்போது விட்ட முட்டைகள், பாறையில் காத்திருக்கும் வாய்களுக்குத் தப்பி வெளிக்கடலுக்குப் போய்விடும். என்ன மூளை பாருங்கள்!

இதைவிட ஆச்சரியம், மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் களவா. களவா இனங்களில் பல, பெண்ணாக வளர்ந்து முட்டையிட்டு, பெரிதான பிறகு ஆணாக மாறுபவை. கோமாளி மீன் நேர் எதிர். முதலில் ஆண், கூட்டத்தில் பெரியதுதான் பெண். அது செத்தால் அடுத்த ஆண் பெண்ணாகிவிடும். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் அம்மா இறந்ததும் அப்பா அல்லவா அம்மாவாகியிருக்க வேண்டும்? :)

சிரிப்பு இருக்கட்டும். சிக்கல் இங்கேதான். "பெரிய களவாவா பார்த்துப் போடுங்க" என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் ஆண் மீனை. பெரியவற்றையே பிடித்துக்கொண்டிருந்தால் முட்டை இருக்கும், கருவுறச் செய்ய ஆண் இருக்காது. இன்னொரு பெண் ஆணாக மாறலாம்; அதற்கும் காலம் வேண்டும், முட்டையிடும் தாயும் ஒன்று குறையும். சரி, சின்னதையே பிடிப்போம் என்றால், அது ஒருமுறைகூட முட்டையிடாத பெண்ணாக இருக்கலாம்.

எல்லா மீனும் அந்த 61 நாளில் மட்டும் முட்டையிடுவதும் இல்லை. அரசு காலண்டர் வேறு, களவாவின் காலண்டர் வேறு. ஆக, தடைக்காலம் நல்ல ஆரம்பம். ஆனால் அது மட்டும் போதாது. எந்த அளவு மீனைப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம்.

மார்க்கெட்டில் எல்லோரும் கேட்பது "கிலோ என்ன விலை?" என்றுதான். அடுத்த முறை, "இது ஒரு தடவையாவது முட்டை போட்டிருக்குமா?" என்றும் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை!