கடைசிச் சுருள்கள்

முதலில் வந்ததைப் போற்றுவது உலக வழக்கு. ஒலிநாடாச் சுருள்களைச் சேர்ப்போரோ, கடைசியில் வந்தவற்றையே பெரிதும் நாடுகின்றனர். இதன் காரணம் எண்ணத்தக்கது.

அமெரிக்காவில் 1950களில் இசைத்தொகுப்புகள் சுருள்நாடாவிலும் விற்பனைக்கு வந்தன. கால் அங்குல நாடா, உயர்ந்த பதிவுகளில் நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டின் குறுகிய நாடாவோ இரண்டு அங்குலமும் ஓடாது. ஒலித்தெளிவில் சுருளே மேம்பட்டது. எனினும் கையாளும் எளிமையால் கேசட் வென்றது. நியூயார்க்கின் பார்க்ளே-குரோக்கர் நிறுவனம் 1980களிலும் செவ்வியல் இசையைச் சுருளில் வெளியிட்டது. வாங்குவோர் சிலராயினமையின் படிகளும் சிலவாயின. அன்று பலர் வேண்டாமையே இன்று அவற்றை அரும்பொருளாக்கிற்று.

பள்ளி நூலகத்தில் எவரும் எடுக்காத நூலைக் காணுந்தோறும் எனக்கு இச்சுருள்களின் நினைவு எழும். விலை கொடுத்து வாங்கிப் பேழையில் பூட்டிவைத்தலை நான் சேகரிப்பு என ஒப்பேன். ஈரம் ஏறின் நாடா கெடும். கருவி பழுதுபடின் சுருள் ஊமையாகும். ஆதலின், கடைசிச் சுருளைத் தேடும் இளைஞர், அதனை இயக்கவும் கருவியைச் செப்பனிடவும் கற்றல் வேண்டும். கேட்பார் உள்ளவரையே அது இசை; அன்றேல் வெறும் நாடா.