தை மாதத்துக் குளங்கள்

திருநெல்வேலி என்றதும் எனக்கு நினைவில் வருவது தை மாதத்துக் குளங்கள்தான். எட்டு அணைக்கட்டுகளில் பிரியும் தாமிரபரணித் தண்ணீர் வாய்க்கால் வழியே குளங்களில் போய் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் பொங்கலுக்கு உள்வாய் நிறைந்து கிடக்கும்; கரைக்குக் கீழே பிசான நெல் பச்சை பிடித்து நிற்கும். நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அப்போதுதான். ஆசிய அளவில் 1987 முதல் ஜனவரியில் நடப்பது. தாமிரபரணிக் குளங்களுக்கென்று 2011-ல் தனியாகத் தொடங்கினார்கள்.

விடியுமுன் வேனில் ஏறுவோம். கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள், பறவையென்றால் காக்கையும் மைனாவும் மட்டுமே தெரிந்த இரண்டொருவர். குழுவில் ஒருவர் சொல்வார், ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் தொலைநோக்கிக்குச் சண்டை போடுவோம். கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்து பறவை அடைக்கிற இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அதையே படியாக வைத்து மிச்சத்தை அளந்துபோக வேண்டும். நாமக்கோழி மிதந்துகொண்டிருக்கும், தொந்தரவில்லை. சிறகிகள் அப்படியல்ல. பருந்து ஒன்று தலைக்கு மேல் வந்தால் மொத்தமும் எழும்பிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து. கடம்பாகுளம் மாதிரிப் பெரிய குளங்களில் இப்படியே வெயில் ஏறிவிடும்.

கூந்தன்குளத்துக்குப் பேர் உண்டு. 1994-ல் சரணாலயம், 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். அவற்றுக்காக ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை; எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்றும் அவர்களுக்குத் தெரியும். என் மனசு என்னவோ பேர் இல்லாத குளங்களின் பக்கம்தான். அங்கே காவலும் இல்லை, பலகையும் இல்லை. மடையைத் திறந்து அடைக்கிற சம்சாரியை நம்பித்தான் பறவைகள் இருக்கின்றன. டவுனை ஒட்டிய குளங்களின் கதை வேறு: சாக்கடை சேர்ந்து அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மூடிவிடும். அதன் மேல் இலைக்கோழி நடக்கலாம், வாத்து இறங்க முடியாது.

மழை பொய்த்த ஒரு வருசம் நாங்கள் போன குளம் வறண்டு கிடந்தது. உள்வாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அடுத்த குளத்துக்குப் போவோம் என்று எங்களில் ஒருவன் நோட்டை மூடினான். மூத்தவர் விடவில்லை. “சைபர்னு எழுதுப்பா. எழுதாம விட்டா நாம வரவே இல்லைன்னு ஆயிரும்.” பறவை ஏன் குறைந்தது என்று பிற்பாடு தேடுகிறவனுக்கு அந்தச் சைபர் இல்லாமல் ஒன்றும் விளங்காது.

இன்னொரு குளத்தில், கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எண்ணுனா கவர்மெண்ட்ல ஏதும் தருவாவளா?”

“ஒண்ணும் தரமாட்டாங்க, தாத்தா.”

“பொறவு எதுக்கு? அரிவாள் மூக்கனை இப்ப வந்து தேடுதீயளே, தண்ணி நெஞ்சளவு கெடக்கு, அது எங்க நிக்கும்? மாசி கடைசியில வாங்க. சகதி தெரியும், அப்ப வரும்.”

மாசியில் எங்களில் சிலர் சொந்தச் செலவில் போனோம். அரிவாள் மூக்கன், நத்தை குத்தி, பவளக்கால் உள்ளான் எல்லாம் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. பெரியவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கணக்கில் இரண்டு விட்டுப்போச்சு என்று அடித்துச் சொன்னார். திரும்ப எண்ணினோம்.