வியன்னா நகர்ப் பேற்றுச்சாலையில் தாய்மார் பட்ட பாடு

சூல் முதிர்ந்து நோவு கண்ட மகள் ஒருத்தி முதற்கண் நாடுவது நம்பத்தக்க ஒரு கையையே. தன் நடுங்குங் கையைப் பற்றியிருக்கவும், வெளிப்படும் மகவை ஏந்திக்கொள்ளவும் அஃது அவட்கு வேண்டும். காவிரி பெருகித் தாய் வரத் தடைப்பட்ட பெண்ணொருத்திக்குத் திருச்சிராப்பள்ளிப் பெருமான் அத்தாயின் வடிவாகவே வந்து மகப்பேறு பார்த்துத் தாயுமானவர் என்னுந் திருப்பெயர் பூண்ட வரலாற்றைச் சைவ மக்கள் நன்கறிவர். ஈண்டுச் சொல்லப்புகுவதோ, அங்ஙனம் ஏந்தவேண்டிய கையே கூற்றுவன் தூதாய் முடிந்த ஓரிடத்தின் செய்தி.

ஆஸ்திரியா நாட்டுத் தலைநகராகிய வியன்னாவில் 1784-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பொது மருத்துவச்சாலை ஐரோப்பாவில் மிகப் பெரிய மருத்துவச்சாலைகளுள் ஒன்று. அதன்கண் ஏழை மகளிர்க்கென ஒரு பேற்றுச்சாலை இருந்தது. வீட்டுப்பணி செய்து பிழைப்போரும், மணமாகாது கருவுற்று உறவினர் முகத்தில் விழிக்க அஞ்சுவோருமே பெரும்பாலும் அங்கே வந்தனர். அவர்கட்குக் கட்டணம் இல்லை. பிறந்த மகவை ஆதரவற்ற குழவிகள் இல்லம் ஏற்றுக்கொள்ளும். இவ்வளவு உதவிக்கும் ஈடாக அவர்கள் கொடுத்தது ஒன்றுண்டு. மருத்துவம் பயிலும் மாணாக்கர் பலர் ஒருவர்பின் ஒருவராக வந்து உள்ளே கையிட்டுச் சோதித்துக் கற்றற்குத் தம் உடம்பை உடன்படுத்துதலே அது. பொருளில்லார்க்கு உடம்பே பொருளாயிற்று.

அச்சாலை இரு பகுதியாக இருந்தது. 1840-ஆம் ஆண்டு பிறந்த அரசாணைப்படி, முதற்பகுதி ஆடவராகிய மருத்துவ மாணாக்கர்க்கும், இரண்டாம் பகுதி மருத்துவச்சியாகப் பயிலும் மகளிர்க்கும் பயிற்சிக்களமாக ஒதுக்கப்பெற்றது. ஒருநாள் வருவோர் முதற்பகுதியிலும், மறுநாள் வருவோர் இரண்டாம் பகுதியிலும் சேர்க்கப்பட்டனர். எந்நாளில் நோவு காணும் என்பது எவர் கையிலும் இல்லையாதலின், எப்பகுதி கிட்டும் என்பதும் அவர் கையில் இல்லை.

1841 முதல் 1846 வரையுள்ள ஆறாண்டுக் கணக்கு இது: முதற்பகுதியிற் பேறு 20,042, இறந்த தாய்மார் 1,989. இரண்டாம் பகுதியிற் பேறு 17,791, இறந்தோர் 691. முன்னதிற் பதின்மருக்கு ஒருவர் மாண்டனர்; பின்னதில் ஏறக்குறைய இருபத்தறுவருக்கு ஒருவர். கொன்ற நோய் மகப்பேற்றுச் சுரம். பேறு நிகழ்ந்து ஓரிரு நாளிற் குளிர் நடுக்கித் தொடங்கி, வயிறு வீங்கித் தொடப்பொறாத நோவாகிச் சில நாளில் உயிரைக் கொண்டுபோகும் கொடுநோய் அது.

பேராசிரியர்கள் இவ்வேற்றுமைக்குக் காரணந் தேடிக்கொண்டிருந்தனர். எழுத்தறியாப் பெண்களோ அவ்வேற்றுமையை நன்கறிந்திருந்தனர். முதற்பகுதி என்று கேட்ட அளவிலே மண்டியிட்டுக் கைகூப்பி, தம்மை இரண்டாம் பகுதிக்கு அனுப்புமாறு அவர்கள் மன்றாடினர். உண்மை அறியாது உள்ளே வந்துவிட்ட சிலர், ஆடவர் கூட்டத்தைக் கண்டு இடம் இன்னதெனத் தெளிந்து, வெளியே விடுமாறு கதறினர். சுரங் கண்டு நாடி பதறி, வயிறு வீங்கி, நா உலர்ந்து கிடந்தோரும், மருந்து உண்டால் மருத்துவர் கை தம்மேற் படுமே என அஞ்சி, தமக்கு நோயே இல்லையென்று சாதித்தனர். வேறு சிலர் முறைநாள் கழியுமட்டும் வழியிலே பொழுது போக்கித் தெருவிலேயே ஈன்று, துணியிற் பொதிந்த மகவோடு சாலைக்குட் புகுந்தனர். மழையிலும் பனியிலும் நடைவழியில் ஈன்ற அவர்களுட் சுரங்கண்டு இறந்தவர் உள்ளே ஈன்றவரினும் மிகச் சிலர். இதனினும் வியப்பு யாதுளது?

உள்ளே கிடந்தோர்க்கு மற்றொரு துன்பமும் இருந்தது. இறக்குந் தறுவாயிலுள்ளார்க்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் பாதிரியார் முதற்பகுதியின் அறைகளை ஒவ்வொன்றாகக் கடந்தே நோயாளியிடம் செல்லவேண்டியிருந்தது. முன்னே ஏவலாளன் மணியடித்துச் செல்வான். நேற்று மகப்பெற்றவளும் இன்று பெறப்போகின்றவளும் அம்மணியைக் கேட்டபடி படுத்திருந்தனர். ஒரே நாளிற் பன்முறையும் அஃது ஒலித்ததுண்டு.

1846-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முதற்பகுதிக்கு உதவி மருத்துவராக வந்தவர் இக்னாஸ் செம்மெல்வைஸ் என்னும் அங்கேரியர், 1818-இற் பிறந்தவர். அம்மணியொலி தம் நெஞ்சையும் கலக்கியதென அவர் எழுதியுள்ளார். அச்சமே நோய்க்குக் காரணம் என்பார் கூற்றை ஆராயுமாறு, பாதிரியாரை மணியின்றி வேறுவழியே வருமாறு வேண்டிக்கொண்டார். சாவு குறையவில்லை.

அற்றேல் காற்றின் தீங்கே காரணமாகலாமோவெனின், ஆகாது. ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்துள்ள இரு பகுதிக்கும் காற்று வேறன்று. இடநெருக்கம் எனின், அஃதும் பொருந்தாது. மகளிர் விரும்பிச் சென்ற இரண்டாம் பகுதியே நெருக்கம் மிக்கது. ஆடவர் தொடுதலால் வந்த நாணம் எனின், நாணம் வயிற்றைச் சீழ்ப்படுத்துமாறு யாங்ஙனம் என்பதைச் சொன்னார் இலர். அரசினர் அமைத்த ஆராய்ச்சிக் குழுவொன்று, மாணாக்கர், அவருள்ளும் அயல்நாட்டார், முரட்டுத்தனமாகச் சோதித்தலே காரணமென முடிவுசெய்து, அவர் தொகையைக் குறைத்தது. சில திங்கள் சாவு குறைந்தது. 1847 ஏப்பிரலில் மீண்டும் எழுந்து, ஈன்றார் 312 பேருள் 57 பேரை விழுங்கிற்று. குழந்தையின் தலையினும் மாணாக்கன் விரல் முரடன்று என்பதை அக்குழுவினர் எண்ணிப் பார்த்திலர் போலும்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலே, செம்மெல்வைஸின் நண்பரும் சட்டமருத்துவப் பேராசிரியருமாகிய கொலெட்ச்கா பிணச்சோதனை செய்யுங்கால், மாணாக்கன் ஒருவன் கைக்கத்தி தவறி அவர் விரலிற் குத்தியது. அப்புண்ணாற் சுரங்கண்டு அவர் இறந்தார். அவர் உடலை அறுத்துப் பார்த்த குறிப்பைச் செம்மெல்வைஸ் படித்தபொழுது, தாம் நாள்தோறும் கண்ட தாய்மார் உடற்குறிகளே அங்கும் இருத்தலைக் கண்டு திடுக்கிட்டார். மருத்துவரும் மாணாக்கரும் காலையிற் பிணம் அறுத்துவிட்டு, கையை வெறுஞ் சவுக்காரத்தாற் கழுவி, நேரே பேற்றறைக்கு வந்து நோவுற்ற மகளிரைச் சோதித்து வந்தனர். கழுவிய பின்னும் பிணவாடை விரல்களில் நின்றது. மருத்துவச்சி மாணவியரோ பிணம் அறுப்பதில்லை. நோவு நெடுநேரம் நீண்ட தலைப்பிள்ளைத் தாய்மார் முதற்பகுதியில் ஏறக்குறைய எல்லாரும் மாண்டதன் காரணமும் அப்பொழுது விளங்கிற்று: நேரம் நீள நீள, அவர்மேற் பட்ட கைகளும் பலவாயின.

1847 மேத் திங்கள் நடுவில், பேற்றறைக்குட் புகுவோர் யாவரும் குளோரின் நீரிற் கைகழுவுதல் வேண்டுமென அவர் விதித்தார்; பின்னர் விலை மலிவுபற்றிக் குளோரின் கலந்த சுண்ணநீரை வைத்தார். சூன் திங்களில் 268 பேற்றில் 6 சாவு. சூலையில் 250 பேற்றில் 3. 1848-ஆம் ஆண்டு முழுதும் 3,556 பேற்றில் 45 பேரே மாண்டனர். அவ்வாண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருவரும் இறந்திலர். இடையே 1847 அக்டோபரில் கருப்பையிற் புற்றுநோய் கொண்ட ஒருத்தியைச் சோதித்த கையாலேயே அடுத்த படுக்கைகளிற் கிடந்தாரையும் தொட்டமையால், பன்னிருவருட் பதினொருவர் மாண்டனர். உயிருள்ளார் உடலின் அழுகலும் கொல்லும் என்று கண்ட அவர், ஒருத்தியைத் தொட்டபின் மற்றொருத்தியைத் தொடுமுன்னும் கழுவுக என விதியை விரித்தார்.

ஒரு கிண்ணம் சுண்ணநீரும் சில கணப்பொழுதுமே கேட்ட இவ்விதியை உலகம் உடனே தலைமேற் கொண்டிருக்கும் என்றன்றோ தோன்றும்? அவர்க்கு மேலதிகாரியாகிய பேராசிரியர் கிளைன் அதனை ஏற்றிலர். 1849-இல் செம்மெல்வைஸின் பதவிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. உயர்குடிப் பிறந்த மருத்துவன் கை அழுக்குடையது என்பதைப் பலரால் செவியேற்கவும் முடியவில்லை. இருளாவது பொருளை மறைத்துத் தன்னைக் காட்டும், ஆணவமோ தன்னையுங் காட்டாது என்னும் சித்தாந்த நூற்கருத்துக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. செம்மெல்வைஸும் தம் கண்டுபிடிப்பை உடனே நூலாக எழுதாது காலம் தாழ்த்தினார். எழுதியபின் மறுத்தோரைக் கொலைஞரென வெளிப்படையாக வைதார். அவ்வசை வழக்கை வெல்ல உதவவில்லை. பெஸ்டு நகரத்துப் புனித ரோக்கு மருத்துவச்சாலையில் 1851 முதல் 1855 வரை 933 பேற்றில் எண்மரே அச்சுரத்தால் மாண்டனர் என்னும் கணக்கும் அக்காலத்தார் பலரை அசைக்கவில்லை. 1865 ஆகஸ்டில், மனநோயர் விடுதி ஒன்றில் அடைக்கப்பட்டு இரு கிழமைக்குள், தம் நாற்பத்தேழாம் அகவையிற் செம்மெல்வைஸ் இறந்தார். அச்சுரத்துக்கு மூலமான நுண்ணுயிரை லூயி பாஸ்டியர் பாரிசில் அவையோர்க்கு வரைந்து காட்டியது 1879-இல்.

1861-இல் வெளிவந்த அவர் நூலிற் பட்டியல்கள் மிகப் பல. அவற்றினும் நெஞ்சைத் தொடுவது அவர் தம்மைக் குறித்து எழுதிய பகுதி. பிணச்சோதனையில் அவர் பிறர் பலரினும் மிகுதியாக ஈடுபட்டவர். ஆதலின் தம் கையால் மாண்ட தாய்மார் எத்துணையர் என்பதை இறைவன் ஒருவனே அறிவான் என்று ஒளியாது எழுதினார். முதற்பகுதியின் வாயிலில் மண்டியிட்டு மன்றாடிய மகளிரையும் அந்நூலில் அவர் மறவாது குறித்தார். அவர்கள் பெயரொன்றும் அதில் இல்லை.