பறந்த மணியும் பறித்த ஆண்டும்

இரத்தோட்டையில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இரத்மலானையில் விமானமோட்டப் பயில்கிறார். விரைவில் வெளிநாடு குடியேறுகிறார். பயிற்சி வீணாகுமோ என வினவினார்.

வீணாகாது. தனியார் விமானி உரிமத்துக்குப் பொதுவாக 40 மணி நேரப் பறப்பு வேண்டும். பறந்த ஒவ்வொரு மணியும் பதிவேட்டில் ஏறுகிறது. 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் வழிவந்த பொது விதிகளால், புகுந்த நாடும் அதனைக் கணக்கிற் கொள்ளலாம்; வான்சட்டத் தேர்வும் மருத்துவச் சோதனையும் அங்கே மீண்டும் நேரலாம்.

நன்று. ஆனால், அவர்தம் பாட்டி இம்மலைகளில் கொழுந்து பறித்த ஆண்டுகளை எந்தப் பதிவேடு காத்தது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. எஞ்சியோர்க்கு 2003இலேதான் சட்டம் வழிவிட்டது.

நாற்பது மணியை மதிக்கும் உலகே, தலைமுறைகளின் உழைப்பையும் மதிக்கக் கற்றுக்கொள்!