சாவி கீழ் வீட்ல இருக்கு

வேளச்சேரி, தரமணி பக்கம் வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு இது தெரியும். புரோக்கர் ஒரு வீட்டைக் காட்ட எடுத்துக்கிற நேரம் அஞ்சு நிமிஷம். "இது ஹால், அது கிச்சன். சீக்கிரம் சொல்லுங்க தம்பி, சாயங்காலம் ஒரு ஃபேமிலி வருது." அதுக்கு ஒரு மாச வாடகை கமிஷன்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து நாங்க நாலு பேர் வீடு தேடினோம். பத்துப் பதினைஞ்சு வீடு பார்த்திருப்போம். அதுல ஒரே ஒரு ஓனர் மட்டும், "நான் தாம்பரத்துல இருக்கேன்பா. சாவி கீழ் வீட்டு அம்மாகிட்ட இருக்கு. நிதானமா பாத்துட்டு போன் பண்ணுங்க"ன்னார். பேச்சுலர்னு சொன்னதும் போனை வைக்கிற ஊர்ல, முகம் தெரியாத பசங்களை நம்பி ஒருத்தர்!

யாரும் பக்கத்துல நின்னு அவசரப்படுத்தாததால எல்லாத்தையும் பார்த்தோம். குழாயைத் திறந்தா தண்ணி மஞ்சளா வந்தது. பெட்ரூம்ல செல்போன் சிக்னல் ஒரு கோடுதான். மீட்டர் பெட்டியில எங்க வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தது. அப்படின்னா அரசு தர்ற இலவச யூனிட் நமக்கே. சப்-மீட்டர்னா ஓனர் சொல்றதுதான் ரேட்.

பெரிய தகவல் சாவி கொடுத்த அம்மாகிட்ட கிடைச்சது. 2015 வெள்ளத்துல அவங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, 2023 மிக்ஜாம் புயல்ல முழங்கால் அளவு. "மாடிக்கு ஏறாதுப்பா. ஆனா மழைன்னா பைக்கை மேம்பாலத்துல கொண்டுபோய் விட்டுடுங்க." எந்த புரோக்கர் இதைச் சொல்லுவார்?

இதுல ஆபத்தும் இருக்கு. பார்க்கிறேன்னு சாவி வாங்கினவனே டூப்ளிகேட் போட்டு, அடுத்தவங்ககிட்ட தானே ஓனர்னு சொல்லி அட்வான்ஸ் வாங்கலாம். அதனால ஆள் இல்லாம வீட்டைப் பாருங்க, ஆளைப் பார்க்காம பணம் கொடுக்காதீங்க. ஈ.பி. பில்லுலயும் சொத்து வரி ரசீதுலயும் யார் பேர் இருக்குன்னு பாருங்க. ஒப்பந்தத்தை எழுத்துல போடுங்க. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேற ஒப்பந்தம் இல்லைன்னா அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல கூடாதுன்னு சொல்லுது.

எங்க கிளாஸ் தோழி இன்னொண்ணு சொன்னா: "காலி வீட்டுக்குள்ள தனியா போறதே எங்களுக்கு பயம்டா. புரோக்கர் கூட வந்தாலும் பயம், யாரும் இல்லைன்னாலும் பயம்." எங்களுக்கு வசதியா தெரிஞ்சது அவளுக்கு அப்படி இல்லை. அவங்க எப்பவும் ரெண்டு மூணு பேரா, பகல்ல, லொகேஷனை ஷேர் பண்ணிட்டுத்தான் போறாங்க.

ஓனருக்கு போன் பண்ணி மஞ்சத் தண்ணியைச் சொன்னோம். "தெரியும்பா. குடிக்க கேன் தண்ணி வாங்கணும். அதான் வாடகையில ஆயிரம் குறைச்சிருக்கேன்"னார். மறைக்காம சொன்ன அந்த ஒரு பதிலுக்காகவே அந்த வீட்டை எடுத்தோம்.

மே மாசம் காலி பண்றோம். ஜூனியர்ஸ் யாராவது வந்தா சாவி எங்ககிட்ட இருக்கும். நிதானமா பாருங்க, குழாயை மட்டும் மறக்காம திறந்து பாருங்க.