ஆயிரத்துக்கு ஐந்து

நூலகத்தில் புத்தகத் திருட்டைத் தடுக்கும் கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் திருடனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் வராத ஆள் நூலகர்.

மோகனூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் நான் படித்த கல்லூரியில் நல்ல நூல்கள் இருந்தன, பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள். "எடுத்துப் பாத்துட்டு வெச்சிடறனுங்க சார்" என்று ஒருநாள் கேட்டேன். "வருசக் கடைசிக் கணக்குல ஒண்ணு கொறஞ்சாலும் எஞ்சம்பளத்துல புடிப்பாங்க கண்ணு. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதல்ல?" என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அந்தப் புத்தகத்தை இன்றுவரை படிக்கவுமில்லை.

எங்களூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டருக்குப் பின்னால் ஓடி ஒரு கரும்பு உருவாத பையன் அப்போது கிடையாது. அதற்காக டிரைவர் கூலியில் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாலு கழி போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

புத்தகத்துக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), ஓராண்டில் இரவல் போன, எடுத்துப் பார்க்கப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக்கூடாது. விலை ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூல் என்றாலோ, என்ன விலையானாலும் அரிய நூல் என்றாலோ விசாரணை உண்டு. எல்லாக் கல்லூரிகளையும் இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் இதன் பின்னாலுள்ள எண்ணம் பழையது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், லண்டனில் பயின்று திரும்பியதும் அடுக்குகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான் 1931இல் நூலாக வந்த அவரது ஐந்து விதிகளில் முதலாவது.

இப்போது சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் முதல் பல பல்கலைக்கழகங்கள்வரை ஆர்.எஃப்.ஐ.டி. வந்துவிட்டது. புத்தகத்துக்குள் தீப்பெட்டி அளவில் ஓர் ஒட்டுவில்லை; அதில் ஒரு சில்லும் மெல்லிய உலோகச் சுருளும். பேட்டரி இல்லை. கருவி வீசும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையே அதை எழுப்பிவிடும். இரவல் பதிந்தால் சில்லின் பாதுகாப்புக் குறி அணையும். பதியாத நூல் வெளியே போனால் வாசல் கத்தும்.

இதை ஏமாற்ற முடியாதா? முடியும். உலோகத் தாளில் சுற்றினால் அலை உள்ளே போகாது. பக்கத்தைக் கிழித்தால் சில்லுக்குத் தெரியாது. அதன் பெரிய உதவி வேறிடத்தில் இருக்கிறது. கைக்கருவியை அடுக்கு நெடுக ஓட்டினாலே எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிடும். பரீட்சைக்கு முன் யாரோ வேதியியல் அடுக்கில் ஒளித்துவைத்த பொருளாதார நூலும் அகப்படும். 'காணோம்' என்று எழுதிய பல நூல்கள் கட்டடத்துக்குள்ளேயே இருப்பவை. நாள்கணக்கில் நூலகத்தை மூடித் தூசியில் எண்ணிய வேலை சுருங்குகிறது. நூலகரின் பயமும் சுருங்க வேண்டும்.

சுருங்கியதா? கதவு மாட்டிய பிறகும் பீரோவைப் பூட்டி வைத்திருக்கும் ஒரு நூலகத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே சம்பளப் பிடித்தமும் அப்படியே இருந்தது. கருவிக்கு டெண்டர் விடும் நிர்வாகங்கள், இயல்பான இழப்பு நூலகர் தலையில் விழாது என்று ஒரு வரி உத்தரவும் போட வேண்டும். அதற்குச் செலவே இல்லை.